உரலும் சாடியும்

கம்மாபுரத்தில் அரிசி ஆலை வாசலில் நெல் மூட்டையை இறக்கி வைத்த குடியானவர் கேட்கிற முதல் கேள்வி, "மூட்டைக்கு எவ்வளவு காணும்?" என்பதுதான். ஆலைக்காரர் உடனே பதில் சொல்லிவிட மாட்டார். ஒரு பிடி நெல்லை அள்ளி உள்ளங்கையில் தேய்ப்பார், ஊதுவார், இரண்டு மணியை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்ப்பார். உமியாகப் போவது எவ்வளவு, தவிடாகப் போவது எவ்வளவு, நொய்யாக உதிர்ந்து கோழிக்குப் போவது எவ்வளவு என்ற கணக்கெல்லாம் அந்த ஒரு கடியில் அவருக்குத் தெரிந்துவிடும். "காணும்" என்ற சொல்லை இந்தப் பொருளில் முதலில் வழங்கியவர் யாரோ பெரிய ரசிகராக இருக்கவேண்டும். நெல்லுக்குள் இருக்கிற அரிசி முழுவதும் ஒருநாளும் நம் கண்ணில் படுவதில்லை. கைக்கும் கருவிக்கும் தக்கபடி கொஞ்சம் காணும், மிச்சம் ஒளிந்துகொள்ளும்.

இதே கேள்வியைச் சமுத்திரத்துக்கு அப்பால் வேறொரு கூட்டம் கேட்டுக்கொண்டிருக்கிறது. வீட்டிலேயே பீர் வடித்துக் குடிக்கிறவர்கள் அவர்கள். இங்கிலாந்தில் 1963-ம் வருஷத்திலிருந்து, சொந்த உபயோகத்துக்குப் பீர் வடிக்க லைசென்ஸ் வேண்டாம் என்று ஆயிற்று. அமெரிக்காவில் ஜனாதிபதி கார்ட்டர் 1978-ல் அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். அன்று முதல் கொல்லைப்புறத்திலும் கார் நிறுத்துகிற கொட்டகையிலும் அடுப்பு மூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்ட கனவான்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டால் குடிகாரர்களுடைய பேச்சாக இராது. நம் அரிசி ஆலை வாசல் பேச்சாகவே இருக்கும். தானியத்தை எப்படி உடைத்தாய், உருளைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விட்டாய், எத்தனை சூட்டில் ஊறவைத்தாய், கடைசியில் எவ்வளவு கண்டது?

விஷயம் இதுதான். பார்லியை ஊறவைத்து, முளைவிடச் செய்து, முளை நீளுவதற்கு முன் உலர்த்திவிடுகிறார்கள். அதற்கு மால்ட் என்று பெயர். முளைக்கிற விதைக்குள் ஒரு சக்தி பிறக்கிறது. உள்ளே கட்டி வைத்திருக்கிற மாவுப் பண்டத்தைச் சர்க்கரையாகக் கரைத்துக் குருத்துக்கு ஊட்டுகிற சக்தி அது. உலர்த்தினால் அது செத்துப் போவதில்லை; தூங்குகிறது. மால்ட்டை உடைத்து 62 முதல் 70 டிகிரி சென்டிகிரேடு வரை சூடான தண்ணீரில் ஊறவைத்தால் விழித்துக்கொண்டு, குருத்து இல்லாமலே சர்க்கரை செய்யத் தொடங்கிவிடும். அந்தச் சர்க்கரைத் தண்ணீரை வடித்துக் கொதிக்கவைத்து ஆற்றி, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்தால் பீர்.

இதில் உடைக்கிற வேலைதான் நுட்பமானது. மாவாக அரைத்துவிட்டால் சர்க்கரை நிறையக் காணும்; ஆனால் கூழாகி அடைத்துக்கொண்டு ஒரு சொட்டும் கீழே இறங்காது. உடைக்காமல் விட்டால் தண்ணீர் ஜோராக வடியும். அதில் ஒன்றும் இராது. ஆகவே இரண்டு உருளைகளுக்கு நடுவில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, உள்ளே இருக்கிற மாவு நொறுங்கவேண்டும், மேல் தோல் கிழியாமல் நிற்கவேண்டும் என்று பார்க்கிறார்கள். அந்தத் தோல்தான் பாத்திரத்தின் அடியில் படுத்துக்கொண்டு வடிகட்டியாக வேலை செய்கிறது. தோலையும் தூளாக்கினால் அதன் துவர்ப்பு பீரில் இறங்கிவிடும் என்று வேறு சொல்கிறார்கள். நல்ல மால்ட்டில் நூறு பங்குக்குச் சுமார் 80 பங்கு கரையக்கூடியது. அதிலே நூற்றுக்கு 70, 75 எடுத்துவிட்டால் வீட்டில் வடிக்கிறவர் மீசையை முறுக்குகிறார். 90-க்கு மேல் எடுக்கிறவை பெரிய தொழிற்சாலைகள்.

இவர்களுக்கு வடிகால் அடைத்துக்கொண்டால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? நெல் உமி வாங்கிக் கலக்கிறார்கள்! நம் ஊரில் செங்கல் சூளைக்கு அள்ளிக்கொண்டு போகிற உமி, அங்கே கழுவி உலர்த்திப் பையில் அடைத்து விலைக்கு விற்கப்படுகிறது. உமிக்கு ருசி கிடையாது, வாசனை கிடையாது, தண்ணீருக்கு வழி விடும் என்கிற மூன்று நற்குணங்களுக்காக. இதைக் கேள்விப்பட்டபோதுதான் எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை பிறந்தது. பார்லிக்காரர்கள் நெல்லிடம் வந்து கைகட்டி நிற்கிறார்கள் என்றால், நெல்காரர்களாகிய நாம் இந்தக் கலையில் எங்கே இருந்தோம் என்று கேட்கத் தோன்றுமா, தோன்றாதா?

மேல்நாட்டுச் சரித்திரத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீர் மிகப் பழையது. இஸ்ரேலில் ராக்கெஃபெட் என்ற குகையில் கிடைத்த கல்லுரல்களில் சுமார் 13,000 வருஷங்களுக்கு முந்தின பீரின் அடையாளங்கள் இருப்பதாக 2018-ல் ஆராய்ச்சிக்காரர்கள் எழுதினார்கள். சீனாவில் ஜியாஹூ என்ற இடத்துப் பானை ஓடுகளில் அரிசியும் தேனும் பழமும் சேர்ந்து புளித்த பானத்தின் மிச்சம் கிடைத்தது. அதற்கு வயது 9,000. ஆனால் எவ்வளவு தானியத்துக்கு எவ்வளவு காணும் என்ற கேள்விக்கு நிறுத்துப் பதில் சொல்லத் தொடங்கியது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில்தான். ஜான் ரிச்சர்ட்ஸன் என்ற ஆங்கிலேயர் 1784-ல் ஒரு புத்தகம் எழுதினார். தண்ணீரில் மிதக்கவிட்டால் எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்று காட்டும் மிதவைக் கருவியைக் கொண்டு மால்ட்டை அளக்கலாம் என்பது அதன் சாரம். அளந்து பார்த்தபோது பெரிய கூத்து நடந்தது. லண்டன் நகரமே குடித்துக்கொண்டிருந்த கறுப்புப் பீர், நன்றாகக் கருகவிட்ட பழுப்பு மால்ட்டில் வடித்தது. அந்த மால்ட் விலை மலிவு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். கருவி வந்து, வெளிர் மால்ட்டில் காணுகிற அளவு அதில் காணவில்லை என்று காட்டிக் கொடுத்துவிட்டது. மலிவு என்று வாங்கினது நஷ்டம்! உடனே எல்லோரும் வெளிர் மால்ட்டுக்கு மாறினார்கள். அப்புறம் பீருக்குக் கறுப்பு நிறம் எங்கிருந்து வரும்? டேனியல் வீலர் என்பவர் 1817-ல் மால்ட்டைக் காப்பிக் கொட்டை மாதிரி வறுக்கிற முறைக்குப் பேடண்டு வாங்கி அந்தக் கஷ்டத்தைத் தீர்த்தார். முளைக்குள் இருக்கிற சக்திக்கு டயஸ்டேஸ் என்று பெயரிட்டுப் பிரித்தெடுத்தவர்கள் பாயென், பெர்ஸோ என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், வருஷம் 1833. புளிக்கவைப்பது ஈஸ்ட் என்ற உயிர் என்பதை விரித்துப் பாஸ்டர் பீரைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டது 1876-ல்.

போகட்டும். நம் பக்கம் வருவோம்.

பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று ஒன்று இருக்கிறது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் போகச் சொல்லி, பரிசு பெற்று வரும் ஒரு பாணன், வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிற பாட்டு. உ.வே. சாமிநாதையர் 1889-ல் நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் ஏற்றிக் கொடுத்திராவிட்டால் நம்மில் எத்தனை பேர் அதைப் பார்த்திருப்போம் என்பது சந்தேகம். வழியில் எந்தெந்தக் குடியிருப்பில் என்னென்ன சாப்பிடக் கிடைக்கும் என்று கவிஞர் பட்டியல் போட்டுக்கொண்டே போகிறார். வலைஞர் குடியிருப்பு வந்ததும் ஒரு காரியம் செய்கிறார். சாப்பாட்டின் பெயரைச் சொல்லி நகராமல், அது எப்படிச் செய்யப்பட்டது என்று முழுப் பக்குவத்தையும் சொல்லிவிடுகிறார். அது நெல்லில் வடித்த மது.

பக்குவத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சவேண்டும். அந்தக் களியைப் 'பிழா' என்கிற வாயகன்ற ஏனத்தில் கொட்டி ஆற்றவேண்டும். ஆறினதும் 'நல்லடை' என்ற ஒன்றை அதில் பிசைந்து கலக்கவேண்டும். அந்த நல்லடை பார்வைக்குப் புற்றுக்குள் இருக்கிற குரும்பியைப் போல, அதாவது கறையான் கட்டிய பொருபொருத்த கூட்டைப் போல, இருக்குமாம். கலந்ததை வலுவான வாயுள்ள சாடியில் இட்டு, இரண்டு பகல், இரண்டு இரவு வைத்திருக்கவேண்டும். நன்றாக விளைந்தபின் வெந்நீரும் விரலுமாக அரித்துப் பிழிந்தால், வாசனையான மது தயார்.

இலக்கியம் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் குரும்பி உவமையைப் பார்த்து, "ஆஹா, என்ன கூரிய பார்வை!" என்று மெச்சிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாத்திரம் ஒரு காரியத்தைச் செய்தால், ஏன் அந்த வரிசையில் செய்தது என்று துருவுவான்.

முதலில் களி. பார்லிக்காரர்கள் தானியத்தை வேகவைப்பதில்லை. சூடான தண்ணீரில் ஊறவைத்தாலே போதும். நம்மவர் ஏன் அடுப்பில் ஏற்றினார்கள்? காரணம் அரிசியின் குணத்தில் இருக்கிறது. மாவுப் பண்டம் இளகி வாய் திறந்தால்தான் முளையின் சக்தி உள்ளே புகமுடியும். பார்லி மாவு 60, 65 டிகிரியிலேயே இளகிவிடும். அப்போது முளையின் சக்தியும் உயிரோடு இருக்கும். அரிசிக்கு அது போதாது. பல ரகங்களுக்கு 70-க்கு மேல் போகவேண்டும். அவ்வளவு சூட்டில் முளையைப் போட்டால் அது அவிந்துபோகும். ஆகவே அரிசியைத் தனியே வேகவைத்து, ஆற்றி, அப்புறம் முளையைச் சேர்ப்பது ஒன்றே வழி. இன்றைக்கு அமெரிக்காவில் அரிசி சேர்த்துப் பீர் வடிக்கிற மாபெரும் கம்பெனிகளில் போய்ப் பாருங்கள். அரிசியை வேகவைப்பதற்கென்று தனிக் கொப்பரை இருக்கும். மீன்பிடிக்கிற குடியில் ஒரு மண்பானை செய்த வேலையை அந்தக் கொப்பரை செய்கிறது.

ஆற்றுவது என்ற சொல்தான் இந்தப் பக்குவத்தின் உயிர்நிலை என்பது என் அபிப்பிராயம். வெப்பமானி கிடையாது. கை பொறுக்கிற சூடுதான் அளவு. வாய் குறுகின பானையில் களி ஆறுவதற்கு அரை நாள் பிடிக்கும். மேலே ஆறும், நடுவில் கொதிக்கும். வாயகன்ற ஏனத்தில் பரப்பினால் ஒரே சீராக ஆறும். அதிகமாக ஆறிவிட்டாலும் மோசமில்லை. முளை மெதுவாக வேலை செய்யும். அதற்குத்தான் இரண்டு பகலும் இரண்டு இரவும் இருக்கின்றனவே. ஆறாமல் கலந்தால்தான் காரியம் கெடும்.

அடுத்தது குற்றாத அரிசி. இது முக்கியம். ஜப்பானியர்கள் தங்கள் அரிசி மதுவுக்கு அரிசியைத் தீட்டு தீட்டு என்று தீட்டுகிறார்கள். உசத்தியான சரக்குக்கு மணியில் பாதியைத் தேய்த்துத் தள்ளிவிடுவதும் உண்டு. தவிடு இருந்தால் ருசி முரடாகிவிடும் என்பது அவர்கள் கட்சி. நம் வலைஞர் வீட்டில் நேர் எதிர். தவிட்டோடு போடுகிறார்கள். ருசி முரடாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஈஸ்ட் செழித்து வளர வேண்டிய சத்துகள் தவிட்டில்தான் இருக்கின்றன. களியைக் கடைசியில் பிழியும்போது பசையாக ஒட்டிக்கொள்ளாமல் தண்ணீருக்கு வழிவிடுவதிலும் தவிட்டுக்குக் கொஞ்சம் பங்கு இருந்திருக்கும். இவையெல்லாம் ரஸாயன ஞானம் என்று நான் சொல்ல வரவில்லை. உலக்கை பிடிக்கிற கைக்கு ஒரு வேளை வேலை மிச்சம் என்பதும் காரணமாயிருக்கலாம். வேலை மிச்சமும் பலன் அதிகமும் ஒரே வழியில் கிடைத்தால் எந்தக் குடித்தனக்காரி விடுவாள்?

இனி நல்லடை. இங்கேதான் வழக்கு இருக்கிறது.

பழைய உரை வழியில் வருகிறவர்கள் இதை நெல் முளை, அதை இடித்துச் சேர்ப்பது, என்று பொருள்கொள்கிறார்கள். அப்படியானால் அது மால்ட். தமிழர்கள் மால்ட் செய்யத் தெரிந்தவர்கள். ஆனால் எதிர்க்கட்சியும் பலவீனமானதல்ல. சந்தால் மக்கள் 'ஹண்டியா' என்ற அரிசி மது செய்கிறார்கள். அவர்கள் முளையைச் சேர்ப்பதில்லை. 'ராணு' என்ற சிறு உருண்டைகளைச் சேர்க்கிறார்கள். அரிசி மாவும் மூலிகை வேர்களும் சேர்த்துப் பிசைந்து உலர்த்திய உருண்டை. அதற்குள் பூஞ்சணமும் ஈஸ்டும் குடியிருக்கின்றன. பூஞ்சணம் மாவைச் சர்க்கரையாக்கும். ஈஸ்ட் சர்க்கரையை மதுவாக்கும். அஸ்ஸாம், வங்காளம், சீனா, ஜப்பான் என்று கிழக்கே போகப் போக இதே வழிதான். நம் கவிஞர் சொல்லும் நல்லடையும் அத்தகைய பூஞ்சண அடையாக ஏன் இருக்கக்கூடாது? போதாக்குறைக்கு உவமை வேறு. கறையான் கூடு என்பது வெறும் மண் அல்ல; கறையான் உள்ளே பூஞ்சணத்தைப் பயிரிடுகிறது என்பது இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். குரும்பியை உடைத்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரியும். பூஞ்சணம் பூத்த அடைக்கு இதைவிட நல்ல உவமை உண்டா?

கேட்பதற்கு அழகான வாதம். எனக்கும் முதலில் சபலம் தட்டியது. ஆனால் இரண்டு காரணங்களால் நான் முளைக் கட்சியில் நிற்கிறேன்.

ஒன்று, களி. பூஞ்சணம் காற்றுக்கு ஏங்குகிற பிராணி. அதை நம்பி மது செய்கிறவர்கள் சோற்றைப் பருக்கை பருக்கையாக உதிர்த்துப் பரப்பி, அதன்மேல் தூளைத் தூவுவார்கள். பருக்கைகளுக்கு நடுவே காற்று ஓடவேண்டும். துழாவிக் களியாக்கினால் அதற்கு மூச்சுத் திணறும். முளைக்கோ களிதான் வேண்டும். அதற்குக் காற்று தேவையில்லை. ஈரமும் சூடும் நெருக்கமும் இருந்தால் போதும். கவிஞர் சொல்வது உதிர் சோறு அல்ல, துழாவிய களி.

இரண்டாவது காரணம் நம் வயற்காட்டில் இருக்கிறது. நாற்றங்காலில் விடுவதற்கு முன் விதைநெல்லை ஒருநாள் ஊறவைத்து, சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி, ஒருநாள் மூட்டம் வைப்பார்கள். கையை உள்ளே விட்டால் காய்ச்சல் கண்ட உடம்பு மாதிரிச் சுடும். முளை தலைகாட்டியதும் எடுத்துவிடவேண்டும். கம்மாபுரத்தில் ஒரு வருஷம் அடைமழை பிடித்துக்கொண்டு விதைக்க முடியாமல் சாக்கு இரண்டு நாள் கூடுதலாகக் கிடந்ததை நான் பார்த்தேன். பிரித்தபோது உள்ளே இருந்தது நெல் அல்ல. வெள்ளை வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நெல்மணிகள் இடையிடையே தொத்திக்கொண்டு, எங்கு பார்த்தாலும் கண்கண்ணாகத் துளையோடு, சாக்கின் வடிவத்திலேயே ஒரு பெரிய அடை! அதைப் பிய்த்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது. புற்றை வெட்டிக் குரும்பியைப் பார்த்திருக்கிற எவருக்கும் அந்த அடையைப் பார்த்தவுடன் அதன் ஞாபகம்தான் வரும். முளைத்த நெல்லை 'அடை' என்று ஏன் சொல்லவேண்டும் என்ற கேள்விக்கும் அந்தச் சாக்கு பதில் சொல்லிவிட்டது.

முளையின் சக்தி என்று நான் சொல்வதை யாரும் புத்தகத்தில் தேடவேண்டாம், அடுக்களையில் பார்க்கலாம். எங்கள் ஆயா கேழ்வரகை ஊறவைத்துத் துணியில் கட்டி முளைகட்டுவாள். நிழலில் உலர்த்தி, முளையைக் கசக்கிப் புடைத்துவிட்டு, வெறுஞ் சட்டியில் வறுப்பாள். வறுப்பதில் அவளுக்குக் கண்டிப்பு அதிகம். "வாசனை வந்தா எறக்கிடணும்டி, கருக விட்டே, கஞ்சி எளகாது" என்று என் தாயாரை அதட்டுவாள். அந்த மாவைத் திருகையில் அரைத்து வைத்திருப்பாள். குழந்தைக்குக் காய்ச்சிய கஞ்சி கெட்டியாகிப் போனால், கைச்சூடு வந்ததும் அந்த மாவில் ஒரு கரண்டி எடுத்துப் போட்டுக் கிளறுவாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே களி மாதிரி இருந்தது பாலாக ஓடும். வாயில் வைத்தால் தித்திப்புத் தட்டும். பரோடா சர்வகலாசாலையில் 1980-களில் இதே காரியத்தை ஆராய்ந்து, நோஞ்சான் குழந்தைகளுக்குக் கெட்டி ஆகாரத்தை இளக்கிக் கொடுக்க இதுவே சுலபமான வழி என்று எழுதினார்கள். களியை ஆற்றுவது, முளைமாவைக் கலப்பது, இளகுவது. வலைஞர் பக்குவத்தில் முதல் பாதி முழுவதும் ஆயாவின் கையில் இருந்தது. சாடி ஒன்றுதான் பாக்கி.

அந்தச் சாடியை அவள் ஜன்மத்தில் தொட்டிருக்க மாட்டாள். தாத்தா சாராயத்தில் போனவர். கள் என்ற சொல்லையே வீட்டில் உச்சரிக்கக்கூடாது. கள்ளிச்செடி என்றால்கூட ஆயா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

குடிப்பது அந்தக் காலத்தில் மானக்கேடாக இருக்கவில்லை. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டில், கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான் என்று சொல்லி அழுகிறார். பணக்காரர்களுக்கு யவனர் கப்பலில் மது வந்தது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் வீலர் 1945-ல் தோண்டியபோது அந்தக் கூர் அடி ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஏழைகள் வீட்டில் நெல்லில் வடித்துக்கொண்டார்கள். அதே பெரும்பாணாற்றுப்படையில் வேறோரிடத்தில் வருகிற 'தோப்பி' என்பதும் வீட்டில் செய்த நெல்கள்தான். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் ஒதுக்கினார் என்றால் உண்டவர்கள் ஏராளம் என்றுதானே அர்த்தம்?

வடக்கே கௌடில்யர் இந்த விஷயத்தில் ஔவையார் மாதிரி உருகவில்லை, கணக்குப் போட்டார். மைசூரில் சாம சாஸ்திரி 1909-ல் அச்சிட்ட அர்த்தசாஸ்திரத்தில் மது அத்தியட்சகருக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. 'மேதகம்' என்ற அரிசி மதுவுக்கு ஒரு துரோணம் தண்ணீர், அரை ஆடகம் அரிசி, மூன்று பிரஸ்தம் 'கிண்வம்' என்று அளவு. ஒரே அளவையில் மாற்றினால் தண்ணீர் பதினாறு, அரிசி இரண்டு, கிண்வம் மூன்று. கிண்வம் என்பது புளிக்கவைக்கும் சரக்கு. அது அரிசியைவிட அதிகம்! கிண்வம் எதில் செய்தது என்று பார்த்தால், உளுந்தை அரைத்து, அதைவிடக் கூடுதலாக அரிசி சேர்த்து, மூலிகையும் கலந்தது. உளுந்து, அரிசி, புளிப்பு! நம் வீட்டு மாவுப் பாத்திரத்தின் ஞாபகம் உங்களுக்கு வருகிறதோ இல்லையோ, எனக்கு வந்தது. மூலிகை மட்டும் இல்லை. இந்தக் கலவையில் முளையின் பேச்சே காணோம் என்பதையும் கவனிக்கவேண்டும். வடக்கே ஒரு வழி, தெற்கே ஒரு வழி என்று இருந்திருக்கிறது.

கௌடில்யர் கண்டிப்புக்காரர், ஆனாலும் விசேஷ நாட்களில் குடும்பத்தார் வீட்டிலேயே வெள்ளை மது செய்துகொள்ளலாம் என்றும், திருவிழாக் காலங்களில் நாலு நாள் வடிக்கலாம் என்றும் இடம் விட்டிருக்கிறார். நம் நாட்டுச் சட்டத்தில் அந்த நாலு நாளும் இல்லை. ராஜாஜி 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் தளர்ந்தது, 1974-ல் மறுபடி இறுகியது, அப்புறம் மறுபடி தளர்ந்தது. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது; 2003-ல் சில்லறைக் கடையும் சர்க்கார் கைக்கே வந்தது. பீரை எடுத்துக்கொண்டால், தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915-ல் தென்னாட்டுப் பீர் ஆலைகள் சிலவற்றைச் சேர்த்து யுனைடெட் புரூவரீஸ் ஆக்கிய நாளிலிருந்து அது ஆலைச் சரக்காகவே இருந்து வருகிறது. கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் வீட்டுச் சாடிக்கு மட்டும் 1937-ம் வருஷச் சட்டத்தில் மன்னிப்புக் கிடையாது.

ஆயாவுக்கு இந்தச் சட்டத்தில் பரம திருப்தி. நானும் வீட்டுக்கு வீடு சாடி வைக்கவேண்டும் என்று மனுப் போட வரவில்லை. 2023 மே மாதம் மரக்காணத்தில், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில், விஷச் சாராயம் குடித்துச் செத்தார்கள். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60-க்கும் மேற்பட்டவர்கள். விருத்தாசலத்திலிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணியில் போய்விடக்கூடிய ஊர். அந்தச் சாவுகளுக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மதுவின் சரித்திரத்தை வெறும் வேடிக்கையாக எழுத முடியாது. ஒன்றை மட்டும் பதிவு செய்யலாம். அவர்களைக் கொன்ற மெத்தனால் நெல்லில் பிறந்ததல்ல, பனையில் பிறந்ததல்ல. ஆலைகளின் உபயோகத்துக்கென்று தயாராகிற திரவம். எந்தத் தானியம், என்ன பக்குவம், யார் கை என்று குடித்தவனுக்கு ஒன்றும் தெரியாது. வலைஞர் குடியிருப்பில் விருந்தாளிக்கு அது எல்லாம் தெரிந்திருந்தது, பாட்டிலேயே இருக்கிறது.

சாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர்போன ஊர். பொம்மை, அகல்விளக்கு, மின்கம்பத்துப் பீங்கான் எல்லாம் அங்கிருந்து போகின்றன; அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுக்கப் பாலிடெக்னிக்கே உண்டு. அங்கே சூளை வைத்திருக்கும் ஒருவரிடம், "மது வைக்க எந்த ஜாடி நல்லது?" என்று கேட்டேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு, "ஊறுகாய்க்குப் பீங்கான். பளபளப்பு இருக்கிறதால உள்ளே ஒண்ணும் இறங்காது, கழுவினா சுத்தம். நீங்க கேக்கறதுக்கு மண்சாடிதான். அது குடிச்சுக்கும். ஒரு தடவை மோர் ஊத்தி வெச்ச மண்சட்டி, பத்துத் தரம் கழுவினாலும் அடுத்த பாலைத் தானே தோய்ச்சிடும், பார்த்ததில்லையா?" என்றார்.

பாட்டிலே ஈஸ்ட் எங்கே என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் எந்தச் சாஸ்திரப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பக்குவத்தில் களி இருக்கிறது, முளை இருக்கிறது; புளிக்கவைப்பது எது என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமில்லை. நெல்லின் தோலில் கொஞ்சம் வரும். காற்றில் கொஞ்சம் வரும். பெரும்பங்கு போன தடவை வடித்த மதுவைக் குடித்துவிட்டுச் சுவரில் ஒளிந்திருக்கிற ஈஸ்ட். நார்வே நாட்டுக் குடியானவர்கள் மரவளையத்தை மதுவில் நனைத்துக் காயவைத்து, அடுத்த தடவைக்கு அதையே உள்ளே போடுவார்களாம். மண்சாடி உள்ளவர்களுக்கு வளையம் எதற்கு?

மிச்சமிருப்பது வெந்நீர். இதற்கு உரைகாரர்கள் சொல்கிற பொருள் எப்படியிருந்தாலும், நான் படிக்கிறபோது கிழக்கு நேபாளத்து லிம்பு மக்களின் 'தோங்பா'தான் கண்முன் வருகிறது. டார்ஜிலிங், சிக்கிம் பக்கங்களிலும் உண்டு. புளித்த கேழ்வரகை மரக்குவளையில் அப்படியே போட்டு, அதன்மேல் கொதிநீர் ஊற்றுவார்கள். சற்று நேரம் பொறுத்து மூங்கில் குழலால் உறிஞ்சுவார்கள். தீர்ந்தால் மறுபடி வெந்நீர். இரண்டாம் தடவையும் காணும், மூன்றாம் தடவையும் கொஞ்சம் காணும். வடித்தபின் சக்கையில் வெந்நீர் ஊற்றி மிச்சச் சர்க்கரையையும் கழுவி எடுக்க மேல்நாட்டார் தனிப் பாத்திரமும் குழாயும் வைத்திருக்கிறார்கள்; வீட்டில் வடிப்பவர்களில் சிலர் துணிப்பையில் கட்டிக் கையால் பிழிந்துவிடுகிறார்கள். பிழியலாமா, கூடாதா, பிழிந்தால் நூற்றுக்கு எவ்வளவு கூடும் என்று அவர்களுக்குள் இன்னும் தீராத விவாதம்.

வலைஞர் வீட்டில் விவாதம் இல்லை. சாடியின் வாயில் வெந்நீர் ஊற்றி, அரித்து, சக்கை வெளுக்கும் வரையில் விரலால் அலைத்து அலைத்துப் பிழிந்திருப்பாள். அவள் என்று நான் சொல்வதற்குக் கவிஞர் ஆதாரம் தரவில்லை. உலக்கைக்குப் பாட்டுக் கட்டியவர்கள் பெண்கள் என்பதால் நானே வைத்துக்கொண்டது. இரண்டு நாள் விளைந்த அந்தப் பானம் பீரைப்போல நுரைத்துப் பொங்கியிராது. மங்கலாக, கொஞ்சம் தித்திப்பாக, கொஞ்சம் புளிப்பாக, கஞ்சிக்கும் மதுவுக்கும் நடுவில் எங்கோ இருந்திருக்கும். நடந்து நடந்து கால் ஓய்ந்து வருகிற பாணனுக்கு அதைக் கொடுக்கிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன்.